மூச்சும் பிடிப்பும்: ஓடைக் கற்களில் மறைந்து வாழும் பூச்சிக் குடம்பிகளை இனங்காணல்



மொழிக்கென அமைந்த மேடையில் நீர்ப்பூச்சிகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்னும் வினா இங்குள்ளோர் சிலர் உள்ளத்தில் எழக்கூடும். கண்ணெதிரே இருந்தும் காணப்படாத ஒன்றைக் காண்பதற்கு இரண்டு துணைகள் வேண்டும். எங்கே நோக்குவது என்னும் அறிவு ஒன்று. நோக்கியதைக் குறிக்கும் சொல் மற்றொன்று. அறிவியல் ஆசிரியரும் மொழியாசிரியரும் ஒருவர்க்கொருவர் தேவைப்படும் இடம் அது. அவ்விடத்திற்குச் செல்ல ஓடையின் வழி ஒரு நல்ல வழி.

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயருக்கு மலாய் மொழியில் நாற்சந்தி என்பது பொருள். சாலைகளின் சந்தியாகவே இவ்வூரை அறிந்திருக்கிறோம். நீர்வழிகளை வைத்து நோக்கினால் வேறொரு படம் தோன்றும். வடக்கே ஜூரு ஆறு. தெற்கே ஜாவி ஆறு. அதற்கும் தெற்கே, நிபோங் திபாலைத் தொட்டுக்கொண்டு கடலை அடையும் கிரியான் ஆறு. புக்கிட் மெர்தாஜாம் மலையடியில் செரோக் தோக்குன் காட்டின் ஓடை. நிபோங் திபாலுக்கு அருகே புக்கிட் பஞ்சோர் காட்டின் நீர்வழிகள். விடுமுறை நாள்களில் நம் பிள்ளைகள் காலை நனைத்து மகிழ்வது மலையடி ஓடைகளில்தான். அங்கே கிடக்கும் கற்களுள் ஒன்றைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளை, பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கல்லை மீண்டும் நீரில் போட்டுவிடுகிறது. அந்த ஒன்றுமில்லாமையை ஆராய்வதே இப்பொழிவின் நோக்கம்.

குடம்பி என்னும் பருவம்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். முட்டையிலிருந்து வெளிவந்து, இறக்கை பெறுவதற்கு முன் பூச்சி வாழும் இளம்பருவத்தை லார்வா என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ் அறிவியல் நூல்கள் அதைக் குடம்பி என்று குறிக்கின்றன. கூட்டைக் குறிக்கும் குடம்பை என்னும் பழஞ்சொல்லை நினைவூட்டும் அழகிய சொல் அது. நுட்பமாகப் பேசும் அறிஞர்கள், கூட்டுப்புழுப் பருவம் இல்லாமல் வளரும் பூச்சிகளின் இளம்பருவத்திற்குத் தனிச்சொல் கையாள்வர். இன்று எளிமை கருதி, நீரில் வாழும் எல்லாப் பூச்சி இளம்பருவங்களையும் குடம்பி என்றே அழைப்போம்.

தும்பியும் தட்டானும் நமக்குப் பழக்கமானவை. அவை வானில் பறக்கும் காலம் அவற்றின் வாழ்வின் சிறு பகுதியே. பெரும்பகுதி நீருக்குள் கழிகிறது. மேஃப்ளை எனப்படும் பூச்சியின் நிலை இன்னும் வியப்புக்குரியது. அதன் வளர்ந்த பருவம் உண்பதில்லை; சில மணி நேரமோ சில நாள்களோ வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. இறக்கை முளைத்த பின்னும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சியினம் இன்றுள்ள உயிரினங்களுள் இது ஒன்றே. ஆகவே ஒரு நீர்ப்பூச்சியின் வாழ்வை அறிய விரும்புவோர் வானத்தைக் காட்டிலும் ஓடையின் அடியையே நோக்குதல் வேண்டும்.

மறையும் வழிகள்

ஓடையில் மீன் உண்டு. நண்டும் இறாலும் உண்டு. பெரிய குடம்பிகள் சிறிய குடம்பிகளை உண்பதும் உண்டு. பகல் வெளிச்சத்தில் கண்ணால் தேடி இரைகொள்ளும் மீனுக்குத் தப்பியாக வேண்டும். ஓடும் நீரில் விரைந்து ஓடித் தப்புவதும் எளிதன்று. பிடியை விட்டால் வெள்ளம் கொண்டுபோய்விடும். எனவே இருந்த இடத்திலேயே காணாமற் போவது பல குடம்பிகளின் வாழ்வுமுறை ஆயிற்று. இதனை நான்கு வழிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வழி நிறம். பாசி படர்ந்த கருங்கல்லின் பழுப்பும் பச்சையும் கலந்த புள்ளிகளை மேஃப்ளைக் குடம்பியின் முதுகில் காணலாம். கால்களில் குறுக்கே கரும்பட்டைகள் ஓடும். காலின் வடிவம் பட்டைகளால் துண்டாகித் தோன்றுவதால் கண் அதைக் கால் என்று எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாம் வழி தட்டையாதல். ஒரு பொருளைக் காட்டிக் கொடுப்பதில் அதன் நிழலுக்குப் பெரும்பங்கு உண்டு. காசுப்புழு என்று நாம் அழைக்கத்தக்க ஒரு வண்டின் குடம்பி, பழைய செப்புக்காசு போல வட்டமாகவும் மெலிதாகவும் கல்லோடு ஒட்டிக் கிடக்கும். ஓரம் கல்லைத் தொட்டிருப்பதால் நிழல் விழுவதில்லை. தலையும் கால்களும் ஓட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். விரலால் தடவினாலும் கல்லின் தழும்பு போலவே படும்.

மூன்றாம் வழி பிற பொருளை அணிதல். கேடிஸ் எனப்படும் பூச்சியின் குடம்பி இக்கலையில் வல்லது. வாய்ப்புறத்திலிருந்து பட்டிழை சுரந்து, மணல், சிறுகல், இலைத்துணுக்கு, குச்சி முதலியவற்றைக் கோத்துத் தனக்கொரு உறை செய்துகொள்கிறது. நம் மண்டல ஓடைகளில் வாழும் ஒருவகை, உதிர்ந்த இலையில் இரண்டு துண்டுகளை வெட்டியெடுத்து, அவற்றின் இடையே தான் புகுந்துகொள்ளும். ஓடையடியில் கிடக்கும் ஆயிரம் இலைகளுள் ஓர் இலை மட்டும் மெல்ல நடக்கும். வேறொருவகை மணலால் நத்தை ஓடு போன்று சுருண்ட உறையைக் கட்டும். 1834ஆம் ஆண்டு ஐசக் லே என்னும் அமெரிக்க நத்தையியல் அறிஞர் இவ்வுறையைக் கண்டு, மணலை ஒட்டிக்கொள்ளும் புதிய நத்தையினம் என்றே அறிவியல் பெயர் சூட்டினார். நத்தைகளை ஆய்வதையே பணியாகக் கொண்டவரின் கண்ணையே ஒரு பூச்சிக் குடம்பி மயக்கிற்றென்றால், நம் மாணவர் "ஒன்றுமில்லை" என்று சொல்வதில் வியப்பில்லை.

நான்காம் வழி அசையாமை. மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும் தும்பிக் குடம்பிகள் உண்டு. உடல் முழுதும் உள்ள மயிர்களில் சேற்றையும் பாசியையும் படியவிட்டு, மக்கிய இலையோடு இலையாய்க் கிடப்பவையும் உண்டு. இரை அருகே வந்தால், மடித்து வைத்த கீழுதடு நொடியில் நீண்டு கவ்வும். அதுவரை அது சேறு. அதன்பின் மீண்டும் சேறு.

மறைக்க இயலாதவை

நிறத்தையும் வடிவத்தையும் நம்பி இனங்காண முற்பட்டால் இந்நான்கு வழிகளும் நம்மை ஏமாற்றும். ஒரே இனம் கரிய கல்லில் கரிதாகவும் மணற்பாங்கில் வெளிறியும் இருக்கலாம். அப்படியாயின் எதை நம்புவது?

ஓடும் நீரில் வாழும் எவ்வுயிரும் இரண்டு வேலைகளைச் செய்தே ஆகவேண்டும். மூச்சுவிட வேண்டும், பிடித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு மறைந்திருந்தாலும் இவ்விரண்டிற்குரிய உறுப்புகளை உடலிலிருந்து நீக்கிவிட முடியாது. நீரிலிருந்து உயிர்வளியை எடுக்கும் செவுள்கள், கல்லைப் பற்றும் நகங்கள், கொக்கிகள், பட்டிழைகள் ஆகியவை குடம்பியின் மெய்யான முகவரி. பூச்சியியலார் கையாளும் இனங்காணும் திறவுகோல்கள் திரும்பத் திரும்ப இவ்வுறுப்புகளிடமே செல்கின்றன. சிலவற்றைக் காண்போம்.

மேஃப்ளைக் குடம்பிக்கு வயிற்றின் இருபக்கமும் செவுள்கள் உண்டு. இலை போலவோ இறகு போலவோ வரிசையாக அமைந்து, அடிக்கடி படபடக்கும். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரே ஒரு நகம். வால் பெரும்பாலும் மூன்று.

கல்லடியை விரும்பி வாழ்வதால் ஸ்டோன்ஃப்ளை என்று பெயர்பெற்ற பூச்சியின் குடம்பியை மேஃப்ளையோடு மயங்குவது எளிது. இதற்கு வால் இரண்டு. காலுக்கு நகம் இரண்டு. நம் நாட்டு மலையோடைகளில் மிகுதியாய்க் காணும் குடும்பத்தில், செவுள்கள் மார்பின் அடியில், கால்கள் தொடங்கும் இடத்தில், சிறு குஞ்சம் போல் இருக்கும்.

இங்கே மாணவர் ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். வாலை எண்ணுவது எளிது. ஆனால் வால் மட்டும் போதாது. இரண்டே வால் உடைய மேஃப்ளைகளும் உண்டு. மீனுக்குத் தப்புகையில் வால் ஒடிந்து போவதும் உண்டு. செவுள் எங்கே, நகம் எத்தனை என்னும் இரண்டு வினாக்களையும் உடன் கேட்டால் மயக்கம் தீரும்.

கேடிஸ் குடம்பிக்கு நீண்ட வால் இல்லை. உடலின் கடைசியில் இரண்டு குறுங்கால்களும் அவற்றின் நுனியில் கொக்கிகளும் இருக்கும். உறையைப் பற்றியிருப்பது அக்கொக்கிகளே. உறை கட்டாத கேடிஸ் வகைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று கற்களுக்கிடையே பட்டிழையால் நுண்ணிய வலை விரித்து, நீர் கொண்டுவரும் உணவை வடித்து உண்ணும். வேகமாய் ஓடும் நீரில் ஒரு கல்லைத் தூக்கும்போது அதில் கசங்கிய சிலந்திவலை போல் ஏதேனும் தொங்கினால், அவ்வலைக்கு உரியவரை அருகிலேயே தேடலாம்.

ஊசித்தட்டானின் குடம்பி வால்முனையில் மூன்று செவுள்களை இலை போல் விரித்து வைத்திருக்கும். தும்பிக் குடம்பியின் செவுள்களோ குடலின் கடைப்பகுதிக்குள் இருக்கின்றன. நீரை உள்ளிழுத்து வெளிவிடுவதே அதன் மூச்சு. ஆபத்து நேர்ந்தால் அந்நீரைப் பீச்சியடித்து முன்னே பாயும். மூச்சு உறுப்பே ஓட்ட உறுப்பும் ஆகிறது. காசுப்புழுவைத் திருப்பிப் போட்டால் ஆறு கால்களையும், பெரும்பாலும் வயிற்றின் அடியில் வெண்மையான செவுள்களையும் காணலாம். மேலே காசு; கீழே பூச்சி.

பார்க்கும் முறை

இவ்வறிவைக் கொண்டு ஓடையில் என்ன செய்வது? முறை எளியது, செலவும் இல்லை. வெள்ளை நிறத் தட்டு ஒன்று, ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியாயினும் போதும். அதில் ஓடைநீரைச் சிறிதளவு ஊற்றுக. ஒரு கல்லை மெல்ல எடுத்து, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் ஒரு வலையைப் பிடித்தபடி தூக்கித் தட்டில் வைக்க வேண்டும். மென்மையான தூரிகையால் கல்லின் அடிப்பக்கத்தை வருடி, விழுவதையெல்லாம் தட்டில் சேர்க்க வேண்டும். அதன்பின் செய்ய வேண்டியது காத்திருத்தல். குறைந்தது இரண்டு நிமிடம்.

இதன் பயன் யாது? மறைவு என்பது உயிருக்கும் பின்புலத்துக்கும் இடையிலான உறவு. பின்புலத்தை மாற்றினால் உறவு முறிகிறது. கல்மேல் காணாதது வெள்ளைத்தட்டில் புள்ளியாய்த் தோன்றும். அப்போதும் அசையாமல் இருக்கும் குடம்பி உண்டு. தட்டில் நீரோட்டம் இல்லை. உயிர்வளி குறையத் தொடங்கும். செவுள் படபடக்கும் அல்லது உடல் மேலும் கீழும் ஆடும். எவ்வளவு பொறுமையான குடம்பியும் மூச்சை நிறுத்திவைக்க இயலாது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி கொண்டு செவுள், நகம், வால் என்னும் வரிசையில் நோக்கி, படம் வரைந்து குறித்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே அவற்றைத் திரும்ப விட்டுவிட வேண்டும். கல்லையும் எடுத்த பக்கமே வைத்தல் வேண்டும். அது பலருக்கு வீடு.

ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை. மலையில் பெய்த மழை, அடிவாரத்தில் வெயில் காயும்போதே திடீர்ப் பெருக்காக இறங்கிவரும். கெப்பாலா ஆயிர் என்று மலாய் மக்கள் அழைக்கும் இப்பெருக்கு 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையடிவாரத்தில் உயிர்களைப் பறித்ததை நாம் அறிவோம். மலைப்பக்கம் கருமேகம் தெரிந்தாலும், நீர் திடீரெனக் கலங்கி இலையும் குச்சியும் மிதந்து வந்தாலும் உடனே கரையேற வேண்டும். எலிச்சிறுநீரால் பரவும் நோய் ஓடைநீரிலும் வரக்கூடும் ஆதலால், காலில் புண் உள்ள மாணவரை நீரில் இறக்கலாகாது. காட்டுப் பூங்காவாயின் வனத்துறையின் அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும்.

நீர் சொல்லாததைக் குடம்பி சொல்லும்

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கும் உரிமை மாணவர்க்கு உண்டு.

ஓர் ஓடை நலமுடன் உள்ளதா என்று அறிய, நாம் பெரும்பாலும் நீரின் தெளிவையே பார்க்கிறோம். தெளிவு நல்ல சான்றன்று. பூச்சிக்கொல்லி கலந்த நீரும் கண்ணாடி போல் தெளிந்திருக்கலாம். சதுப்புக்காட்டு நீரோ தேநீர் நிறத்தில் இருக்கும். மக்கிய இலைகளின் சாறு இயற்கையாய் இறங்கிய நிறம் அது. நம் நாட்டின் சுற்றுச்சூழல் துறை ஆறு அளவீடுகளைக் கொண்டு நீர்த்தரக் குறியீட்டைக் கணிக்கிறது. கரைந்துள்ள உயிர்வளி, இருவகை உயிர்வளித் தேவைகள், அம்மோனிய நைட்ரஜன், மிதக்கும் துகள்கள், அமிலத்தன்மை ஆகியவை அவை. இன்றியமையாத அளவீடுகளே. ஆயினும் அவை நீரெடுத்த அந்த நேரத்தின் செய்தியைச் சொல்வன. நேற்று நள்ளிரவில் கழிவு கலந்து விடியுமுன் கடலுக்குப் போயிருந்தால், இன்று காலை எடுத்த நீரில் அது இராது. குடம்பியோ அந்த நள்ளிரவில் அங்கேயே இருந்தது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதே கல்லடியில் இருந்து அந்நீரையே மூச்சாகக் கொண்டது. அது இருக்கிறதென்றால் அக்காலம் முழுதும் நீர் அதற்கு ஏற்றதாய் இருந்தது என்பது பொருள்.

குடம்பியை அடையாளம் காட்டும் உறுப்புகள் செவுளும் நகமும் என்று கண்டோம். ஓடை கெடும்போது முதலில் அடிபடுவனவும் அவையே. கரையில் மரம் வெட்டி நிலம் திருத்தினால் மண் கரைந்து வருகிறது. நுண்மண் செவுளில் படிந்து மூச்சை அடைக்கிறது. கற்களின் இடுக்குகளை நிரப்பிப் பிடிக்க இடமில்லாமல் செய்கிறது. நிழல் போனால் நீர் சூடேறுகிறது. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தூயநீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். வெப்ப நாட்டு ஓடைகளுக்குத் தொடக்கத்திலேயே கையிருப்புக் குறைவு. அதன்மேல் கழிவு கலந்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் எஞ்சிய உயிர்வளியையும் உண்டுவிடுகின்றன. எந்த உறுப்பைக் கொண்டு ஓர் உயிரை அறிகிறோமோ, அந்த உறுப்பின் வழியாகவே அவ்வுயிர் ஆற்றின் நிலையை அறிகிறது. இனங்காணும் கல்வியும் ஆற்றின் நலம் காணும் கல்வியும் ஒன்றாவது இதனால்தான்.

இவ்வுண்மையைக் கருவியாக்கும் முயற்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. செருமனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்னும் இருவர் கழிவுநீரைத் தாங்கும் திறன் கொண்டு உயிரினங்களை வகைப்படுத்தி 1908, 1909ஆம் ஆண்டுகளில் பட்டியல் வெளியிட்டனர். பிரிட்டனில் 1976இல் தொடங்கிய ஒரு பணிக்குழு, பூச்சி முதலிய சிற்றுயிர்க் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் வகுத்தது. தட்டையுடல் மேஃப்ளைக்கும் பெரிய ஸ்டோன்ஃப்ளைக்கும் 10. வலைவிரிக்கும் கேடிஸுக்கு 5. சேற்றில் வாழும் கொசு போன்ற சிறுபூச்சியின் குடம்பிக்கு 2. மேஃப்ளைகளுள்ளும் நீந்தும் வகைக்கு 4 மதிப்பெண்தான். ஆகவே "மேஃப்ளை இருக்கிறது, ஆறு நன்று" என்று விரைந்து முடிவு செய்யலாகாது. எந்த மேஃப்ளை என்று கேட்க வேண்டும். இனங்காண்பதில் துல்லியம் வேண்டுவது இதற்காகவே.

நம் அண்டையிலேயே இவ்வாய்வு நடந்துள்ளது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுஹைலா அப் ஹமீத், சே சால்மா முகம்மது ராவி ஆகியோர் கெடாவின் ஜெராய் மலையில் தூப்பா, பத்து ஹம்பார், தெரோய் ஆறுகளில் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் குடம்பிகளைத் தொகுத்து, அவற்றைக் கொண்டு நீரின் தரத்தை மதிப்பிட்டு 2017இல் வெளியிட்டனர். ஜூரு ஆற்றுப்படுகையில் படம் வேறு. அங்கே ஆய்வாளர் நோக்கியது சேற்றுக் குடம்பிகளை. அவற்றுள் சில, நம் குருதியிலுள்ளது போன்ற செந்நிறப் பொருளை உடலில் கொண்டு, உயிர்வளி மிகக் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். மீன்தொட்டி வைத்திருப்போர் இரத்தப்புழு என்று அறிந்தது இவற்றையே. ஜூரு படுகையின் மூன்று ஆறுகளில் இக்குடம்பிகளின் வாயுறுப்புகளில் தோன்றிய உருக்கேடுகளை ஆராய்ந்த கட்டுரை 2010இல் வெளிவந்தது. சேற்றில் பிழைக்கத் தெரிந்த உயிரின் உடலிலும் ஆற்றின் துன்பம் எழுதப்படுகிறது என்பதை அது காட்டுகிறது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஜெராய் மலை ஒரு நாளில் போய்வரும் தொலைவு. ஜூருவோ பக்கத்து ஊர். இரண்டு பாடங்களும் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.

இங்கே நேர்மையான ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். சமவெளியில் மெல்ல ஓடும் சேற்றடி ஆற்றில் ஸ்டோன்ஃப்ளை இல்லாதது குற்றமன்று. அது அங்கே இயல்பாகவே வாழ்வதில்லை. மலையோடையை மலையோடையோடும் சமவெளி ஆற்றைச் சமவெளி ஆற்றோடும் ஒப்பிட வேண்டும். பிரிட்டனின் மதிப்பெண்களையும் அப்படியே இங்குப் பொருத்தலாகாது. தாய்லாந்தினர் தம் நாட்டு உயிர்களுக்கேற்ப அவற்றைத் திருத்திக்கொண்டது நல்ல முன்மாதிரி. ஒரு பள்ளி ஒரே ஓடையின் ஒரே இடத்தை ஆண்டுதோறும் ஒரே முறையில் நோக்கிக் குறித்து வந்தால், அப்பள்ளியின் குறிப்பேடே அவ்வோடையின் வரலாறாகும்.

பெயர் என்னும் கைக்கண்ணாடி

மொழியைப் பற்றிய வினாவுக்கு வருவோம். இப்பொழிவில் தும்பி, தட்டான் என்னும் சொற்களைத் தயங்காமல் கையாண்டோம். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் என வந்தபோது ஆங்கில ஒலிகளை வாங்கிக்கொண்டோம். காரணம் எளியது. தும்பியும் தட்டானும் பறந்து கண்ணில் பட்டன, பிள்ளைகள் பின்னால் ஓடினர், பெயர் பிறந்தது. கல்லடியில் மறைந்தவை கண்ணில் படவில்லை, பெயரும் பரவவில்லை. பெயர் இல்லாததால், பார்த்தவரும் புழு என்றோ பூச்சி என்றோ சொல்லிக் கடந்தனர். மறைவுக்கு மேல் இது இரண்டாம் மறைவு.

இவ்விரண்டாம் மறைவை நீக்குவது நம் கையில் இருக்கிறது. சிறுபொழுது வாழும் மேஃப்ளையை ஒருநாட்பூச்சி எனலாம். ஸ்டோன்ஃப்ளையைக் கற்பூச்சி எனலாம். கேடிஸை உறைகட்டி எனலாம். தன் உறையைத் தானே கட்டும் அதன் தொழில் அப்பெயரிலேயே விளங்கும். காசுப்புழுவை முன்னரே அழைத்துவிட்டோம். இவை முடிந்த முடிபுகள் அல்ல. மன்றத்தின் ஆய்வுக்கு வைக்கும் முன்மொழிவுகள். இவற்றினும் சிறந்த சொல் ஒரு மாணவர் வாயிலிருந்து ஓடைக்கரையில் பிறக்கக்கூடும். சொல்லை ஆக்குவோர் உறுப்பைக் கண்டபின் ஆக்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால், மே மாதத்து ஈ என்று ஒரு பெயர் வரும். அது ஆங்கில நாட்டுப் பருவகாலத்தின் பெயர். ஆண்டு முழுதும் மேஃப்ளை பறக்கும் நம் நாட்டுக்கு அதில் பொருளில்லை.

தமிழர் இத்துறைக்கு அயலார் அல்லர். மதுரையில் பணியாற்றிய கே. ஜி. சிவராமகிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மேஃப்ளைகளை ஆராய்ந்து புதிய இனங்களை உலகுக்கு அறிவித்தார். 1984இல் அவர் விவரித்த ஓர் இனத்தின் அறிவியல் பெயரில் குற்றாலம் இடம்பெற்றிருக்கிறது. அருவியில் நீராடச் செல்லும் பல்லாயிரவருக்குத் தம் காலடியில் அவ்வூரின் பெயரைத் தாங்கிய ஓர் உயிர் வாழ்வது தெரியாது. மலேசிய மண்ணிலும் இத்துறைக்கு நல்ல அடித்தளம் உண்டு. கோம்பாக் ஆற்றைப் பற்றி பிஷப் எழுதிய நூல் 1973இல் வெளிவந்தது. மலேசிய மண்டலத்தின் நன்னீர் முதுகெலும்பற்ற உயிர்களைப் பற்றி, கேத்தரின் யூல், யோங் ஹோய் சென் ஆகியோர் தொகுத்த பெருநூலை மலேசிய அறிவியல் கழகம் 2004இல் வெளியிட்டது. இவ்விரண்டும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்ப்பள்ளி மாணவர் கையில் வைத்துக்கொண்டு ஓடைக்குச் செல்லத்தக்க, படங்களோடு கூடிய சிறு தமிழ்க் கைந்நூல் ஒன்று வேண்டும்.

2003ஆம் ஆண்டு நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியதையும், பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டதையும் ஆசிரியர் பலர் நேரில் கண்டிருக்கிறீர்கள். தமிழில் அறிவியல் கற்பிக்க இயலுமா என்னும் விவாதம் மேடைகளில் பல ஆண்டு நடந்தது. அவ்விவாதத்துக்கு மேடையில் விடை இல்லை, ஓடைக்கரையில் உண்டு. பத்து வயதுப் பிள்ளை ஒன்று வெள்ளைத்தட்டை நோக்கி, "வயிற்றில் செவுள் இருக்கிறது, காலில் ஒரு நகம், இது ஒருநாட்பூச்சியின் குடம்பி" என்று சொல்லுமானால், அங்கே அறிவியலும் நடந்தது, தமிழும் நடந்தது.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள ஓர் ஓடையைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு இருமுறை, மழை குறைந்த நாளில், மாணவரை அழைத்துச் செல்லுங்கள். கண்டவற்றின் படமும், செவுள், நகம், வால் ஆகியவற்றின் குறிப்பும், மாணவர் இட்ட பெயரும் ஒரு குறிப்பேட்டில் ஏறட்டும். ஐந்து பள்ளிகளின் ஐந்தாண்டுக் குறிப்பேடுகள் சேர்ந்தால், நாம் குறிப்பிட்ட கைந்நூலின் முதற்படி ஆயத்தமாகிவிடும். அவ்வேடுகளில் ஏதேனும் ஒன்றில் இவ்வாண்டு இருந்த கற்பூச்சி அடுத்த ஆண்டு இல்லையென்று தெரிந்தால், மேலே என்ன நடந்தது என்று கேட்கும் முதற்குரல் நம் பிள்ளைகளுடையதாக இருக்கும். மாணவச் செல்வங்களே, கல்லைத் திருப்பியவுடன் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். அங்கே இருப்பது மூச்சுவிடும்.